துடுப்பைக் காக்கும் சட்டமா, சுறாவைக் காக்கும் சட்டமா?

2002 ஆகஸ்ட். குவாத்தமாலாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ‘கிங் டயமண்ட் 2’ என்ற அமெரிக்கக் கொடிக் கப்பலைப் பசிபிக் கடலில் அமெரிக்கக் கடற்படை மறித்தது. ஏறிப் பார்த்த கடலோரக் காவல் படையினர் கண்ணில் பட்டதெல்லாம் சுறாத் துடுப்பு. மூட்டை மூட்டையாக 64,695 பவுண்டு. 29 டன்னுக்கும் மேல். அந்தத் துடுப்புகளுக்குரிய உடல் ஒன்றுகூடக் கப்பலில் இல்லை.

துடுப்பை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுவதை அமெரிக்கா 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடைசெய்திருந்தது. கையும் களவுமாகச் சிக்கிய வழக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2008 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பறிமுதல் செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டம் பேசியது ‘மீன்பிடிக் கப்பல்’ பற்றி. இந்தக் கப்பலோ ஒரு மீனும் பிடிக்கவில்லை. நடுக்கடலில் வேறு படகுகளிடம் துடுப்பை விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். இந்த ஓட்டையை அடைப்பதற்காகவே 2010 இல் இன்னொரு சட்டம் நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

ஓட்டையே இல்லாத சட்டமாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 29 டன் துடுப்பு அரசாங்கக் கிடங்குக்குப் போயிருக்கும். கப்பல்காரர் அபராதம் கட்டியிருப்பார். அந்தத் துடுப்புகளோடு நீந்திய சுறாக்கள் அதற்கு எத்தனையோ நாள் முன்பே செத்துப் போயிருந்தன.

சுறாவைக் காக்க எந்தச் சட்டத்தை ஆதரிப்பது என்ற கேள்வி பலருக்கு வருகிறது. கையெழுத்து இயக்கத்தில் பெயர் சேர்ப்பவருக்கு வரும், நன்கொடை தருபவருக்கு வரும், சட்ட வரைவு எழுதும் அதிகாரிக்கும் வரும். எல்லோரிடமும் நான் சொல்வது இரண்டே சோதனைகள். முதலாவது, சுறாவின் கதையில் அந்தச் சட்டம் எந்த இடத்தில் நுழைகிறது? தூண்டிலில் மாட்டும் முன்பா, மாட்டிய பிறகா, செத்த பிறகா? இரண்டாவது, துறைமுகத்தில் நிற்கும் சோதனை அதிகாரி எதைப் பார்த்து ‘இது குற்றம்’ என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது? கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளையா, காகிதத்தில் இருக்கும் எண்ணையா?

மூன்று விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதமே பாதி வீணாகிறது. கடலிலேயே துடுப்பை அறுத்து உடலை எறிவது ஒன்று. துடுப்பை வாங்கி விற்பது இன்னொன்று. சுறாவைப் பிடிப்பது மூன்றாவது. உலகில் ‘துடுப்புத் தடை’ என்று பெயர் பெற்ற சட்டங்களில் பெரும்பாலானவை முதலாவதை மட்டுமே தடுக்கின்றன. முழுச் சுறாவைக் கரைக்குக் கொண்டுவந்து, அங்கே வைத்துத் துடுப்பை அறுத்து, உடலை ஒருவருக்கும் துடுப்பை இன்னொருவருக்கும் விற்றால் சட்டத்துக்கு ஆட்சேபம் கிடையாது.

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் வோர்ம் தலைமையிலான குழு 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டது. 2012 முதல் 2019 வரையிலான காலத்தில் துடுப்பு அறுப்பதைத் தடுக்கும் விதிகள் உலக அளவில் பத்து மடங்குக்கும் மேல் பெருகின. மீன்பிடியில் சாகும் சுறாக்களின் எண்ணிக்கையோ 2012 இல் குறைந்தது 7.6 கோடியாக இருந்தது, 2017 இல் குறைந்தது 8 கோடியாகிவிட்டது. செத்தவற்றில் சுமார் இரண்டரைக் கோடி அழியும் அபாயத்தில் உள்ள இனங்களைச் சேர்ந்தவை.

இதைப் படித்ததும் ‘சட்டமெல்லாம் வீண்’ என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதே ஆய்வில் ஆழ்கடல் பகுதிகளில் சாவு சுமார் 7 சதவீதம் குறைந்திருக்கிறது. கூடியது கரையோரக் கடல்களில். பிடிப்பதற்கோ வைத்துக்கொள்வதற்கோ நேரடித் தடை இருந்த இடங்களில் பலன் தெரிந்தது. துடுப்பு விதிகளோடு மட்டும் நின்ற இடங்களில் அப்படிப் பலன் தெரியவில்லை. அந்த விதிகள் இல்லாமலிருந்தால் எண்ணிக்கை இன்னும் மேலே போயிருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ‘இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்’ என்பதை வைத்துக்கொண்டு ஒரு சட்டத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

எடை விகிதம்: தராசில் ஏமாறும் சட்டம்

துடுப்புச் சட்டங்களில் மூத்த தலைமுறை இது. ‘கப்பலில் இருக்கும் துடுப்பின் எடை, சுறா உடலின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.’ அமெரிக்கா இப்படித்தான் ஆரம்பித்தது, ஐரோப்பிய ஒன்றியமும் 2003 இல் இப்படித்தான் ஆரம்பித்தது, அட்லாண்டிக்கின் சூரை மீன் ஆணையமான ஐக்காட்டும் 2004 இல் இதையே எழுதிக்கொண்டது.

உடலின் எடை என்றால் எந்த உடல்? அமெரிக்கா தலையும் குடலும் நீக்கிச் சுத்தம் செய்த உடலைச் சொன்னது. ஐரோப்பா முழுச் சுறாவின் எடையைச் சொன்னது. 100 கிலோ சுறா ஒன்றைச் சுத்தம் செய்தால் 50 கிலோ மிஞ்சுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கணக்கில் அதற்கு 2.5 கிலோ துடுப்பு வரை வைத்திருக்கலாம். ஐரோப்பியக் கணக்கில் 5 கிலோ. அந்தச் சுறாவின் உண்மையான துடுப்பே 2.5 கிலோதான் என்றால், ஐரோப்பியக் கப்பல்காரர் ஒவ்வொரு உடலுக்கும் இரண்டு சுறாக்களின் துடுப்பைக் கொண்டுவரலாம். இரண்டாவது சுறாவின் உடல் கடலுக்குள். தராசு நேராகத்தான் நிற்கும்.

இதோடு முடியவில்லை. துடுப்பு எவ்வளவு எடை வரும் என்பது இனத்துக்கு இனம் மாறும். அறுக்கும் கையைப் பொறுத்தும் மாறும்: சதையோடு சேர்த்து ஆழமாக அறுத்தால் ஒரு எடை, ஒட்ட அறுத்தால் ஒரு எடை. வாலில் கீழ் மடல் மட்டும் எடுப்பாரும் உண்டு, வாலை முழுதாக எடுப்பாரும் உண்டு. ஈரத் துடுப்புக்கும் காய்ந்த துடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம். இது போதாதென்று, சிறப்பு அனுமதி பெற்ற ஐரோப்பியக் கப்பல்கள் துடுப்பை ஒரு துறைமுகத்திலும் உடலை வேறொரு துறைமுகத்திலும் இறக்கலாம் என்று விட்டிருந்தார்கள். எதை எதோடு வைத்து நிறுப்பது? சோதனை அதிகாரியின் கையில் மிஞ்சியது கப்பல்காரரே எழுதிய பதிவேடு மட்டும்.

இன்று யாராவது எடை விகிதச் சட்டத்தைக் கொண்டுவந்து ஆதரவு கேட்டால் யோசிக்காமல் மறுத்துவிடலாம்.

துடுப்பு உடலோடு ஒட்டியே இருக்கட்டும்

2010 இன் அமெரிக்கச் சட்டமும், பழைய விலக்குகளை ஒழித்த 2013 இன் ஐரோப்பிய விதியும் இந்த வழிக்கு மாறின. சுறா கரைக்கு வரும்போது துடுப்பு இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும். அடுக்கி வைக்க இடைஞ்சல் என்றால் துடுப்பின் அடியைப் பாதி அறுத்து, மடித்து, உடலோடு சேர்த்து உறையவைக்கலாம். தனியே பிரிக்கக் கூடாது.

இரண்டாவது சோதனையில் இது நூற்றுக்கு நூறு வாங்குகிறது. தராசு வேண்டாம், பதிவேடு வேண்டாம். கப்பலில் தனித் துடுப்பு ஒன்று கிடந்தாலே குற்றம். எனக்கு இதில் இன்னும் முக்கியமாகப் படுவது வேறொன்று. முழு உடல் கண்முன் இருந்தால் அது என்ன சுறா என்று சொல்லிவிடலாம். நீலச் சுறாவா, மாக்கோவா, கொம்பன் சுறாவா என்று இனம் பிரித்து எண்ணலாம், நீளத்தை அளக்கலாம், ஆணா பெண்ணா என்று பார்க்கலாம். இந்தக் கணக்கு இல்லாமல் எந்த இனத்துக்கும் பிடி வரம்பு வைக்க முடியாது. சுறாவின் உயிரை இது நேரடியாகக் காப்பாற்றுவதில்லை. காப்பாற்றப் போகிறவர்களுக்கு ஏட்டைத் திறந்து கொடுக்கிறது.

இன்னொரு பலன் கப்பலின் வயிற்றில் இருக்கிறது. துடுப்பு மட்டும் என்றால் சிறிய படகிலேயே ஆயிரக்கணக்கான சுறாக்களை அடக்கிவிடலாம். உடலும் வர வேண்டும் என்றால் அறை நிரம்பிவிடும், படகு திரும்பியாக வேண்டும். விலை உயர்ந்த சூரைக்கு வைத்திருந்த இடத்தைச் சுறாவுக்குக் கொடுக்க எந்த முதலாளியும் தயங்குவார்.

சட்டம் எழுதியவர்கள் நம்பியதும் இந்தத் தயக்கத்தைத்தான். நடந்தது வேறு.

சுறாவின் இரத்தத்திலும் சதையிலும் யூரியா நிறைந்திருக்கும். உப்பு நீரில் உயிர்வாழ அது கையாளும் உபாயம் அது. செத்த பிறகு யூரியா அம்மோனியாவாக மாறும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வரும். பல கப்பல்களில் சுறா உடலைத் தூக்கி எறிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிடித்தவுடன் இரத்தத்தை வடியவிட்டு உடனே குளிர்ப்பதனத்தில் போட்டால் நெடி அடங்கிவிடும். உடலை எப்படியும் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்ன பிறகு, கொண்டுவந்த உடலைக் காசாக்கும் வழியைத் தேடுவதில் வியப்பு என்ன? ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2015 இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2000 க்கும் 2010 க்கும் இடையில் உலகச் சுறா இறைச்சி வணிகம் 42 சதவீதம் வளர்ந்தது. ஸ்பெயின் பெரிய ஏற்றுமதியாளராகவும் பிரேசில் பெரிய இறக்குமதியாளராகவும் நின்றன. பிரேசிலில் ‘கசாவோ’ என்ற பெயரில் விற்கும் துண்டத்தை வாங்குகிறவர் பலருக்கு அது சுறா என்பதே தெரியாது.

துடுப்புச் சட்டம் மட்டும்தான் இறைச்சிச் சந்தையை வளர்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். சூரையும் வாள்மீனும் குறைந்துபோனது, குளிர்ப்பதன வசதி பெருகியது, எல்லாமே சேர்ந்துகொண்டன. ஆனால் 2024 ஆய்வுக்காக நேர்காணப்பட்ட துறை வல்லுநர்களும் இந்தச் சந்தேகத்தை எழுப்பியிருக்கிறார்கள். முன்பு சுறாவில் துடுப்புக்கு மட்டும் மதிப்பு, இப்போது மொத்தச் சுறாவுக்கும் மதிப்பு.

வதையையும் வீணடிப்பையும் தடுப்பதுதான் நோக்கம் என்றால் இந்தச் சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது. உயிரோடு துடுப்பை அறுத்து, நீந்த முடியாத உடலைக் கடலில் தள்ளும் கொடுமை இந்த விதிக்கு உட்பட்டு ஒழுங்காகக் கண்காணிக்கப்படும் கடல்களில் பெருமளவு நின்றது. அது சின்ன விஷயமில்லை.

விற்கவே கூடாது என்றால்?

2010 இல் ஹவாய் மாநிலம் துடுப்பை வைத்திருப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. 2019 இல் கனடா, உடலோடு ஒட்டாத துடுப்பின் ஏற்றுமதி இறக்குமதியை நிறுத்தியது. அமெரிக்க நாடு முழுமைக்குமான விற்பனைத் தடை 2022 டிசம்பரில், பாதுகாப்புத் துறைச் செலவினச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிறைவேறியது. பிரிட்டனின் சட்டம் 2023.

பிரச்சாரத்துக்கு இதைவிட எளிய கோரிக்கை கிடைக்காது. ‘துடுப்பு வேண்டாம்’ என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடும். சோதனையும் சுலபம். ஆனால் சட்டம் நுழையும் இடம் சுறாவின் கதையில் கடைசி அத்தியாயம், சந்தை. அமெரிக்காவில் சுறா பிடிப்பது இன்றும் சட்டப்படி நடக்கிறது. அனுமதியோடு, அளவோடு பிடித்த சுறாவின் இறைச்சியை விற்கலாம். டாக்ஃபிஷ் வகைச் சிறு சுறாக்களுக்கு விலக்கு உண்டு. மற்ற சுறாவின் துடுப்பைக் குப்பையில் போட வேண்டியதுதான். உடலை வீணாக்காதே என்று தொடங்கிய இயக்கம் துடுப்பை வீணாக்கு என்பதில் வந்து நிற்கிறது!

சுறா ஆய்வாளர்களே இதில் இரண்டு கட்சி. 2016 இல் வெளியான கருத்துக் கணிப்பில் பங்கேற்ற ஆய்வாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் முழுத் தடையைவிட அளவோடு பிடிக்கும் மேலாண்மையையே விரும்பினார்கள். ஒழுங்காகப் பிடிக்கும் நாட்டின் துடுப்பைச் சந்தையிலிருந்து விலக்கினால், அந்த இடத்தை ஒழுங்கில்லாமல் பிடிக்கும் நாடு நிரப்பும் என்பது அவர்கள் வாதம். கடத்தல் துடுப்புக்கு நல்ல துடுப்பு போர்வையாகிவிடுகிறது, இரண்டையும் பிரித்தறிய முடியாதபோது கதவையே சாத்துவது மேல் என்பது எதிர்க்கட்சி வாதம். எனக்கு முதல் கட்சி பக்கம்தான் சாய்வு. சுறா பிடிக்காத, ஆனால் துடுப்பு கைமாறும் துறைமுகம் வைத்திருக்கும் நாடு என்றால் மட்டும் இரண்டாவது வாதத்துக்கு வலு கூடுகிறது.

அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2013 இல் பாங்காக்கில் வெண்முனைச் சுறா, மூன்று வகைக் கொம்பன் சுறா ஆகியவற்றை இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். 2022 இல் பனாமாவில் நீலச் சுறா உள்ளிட்ட ஒரு குடும்பமே சேர்ந்தது. பட்டியலில் உள்ள இனத்தை ஏற்றுமதி செய்ய வேண்டுமானால், இந்த அளவு பிடித்தால் இனத்துக்குக் கேடு வராது என்று அந்த நாட்டு அறிவியல் அமைப்பு சொல்ல வேண்டும். சந்தை வாசலில் நின்றுகொண்டு கடலைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஏற்பாடு இது. அதனால் வெறும் விற்பனைத் தடையைவிட எனக்கு இது பிடிக்கும்.

ஓட்டை எங்கே? 2020 இல் ஹாங்காங் சுங்கத் துறை இரண்டு கொள்கலன்களில் 26 டன் துடுப்பைப் பிடித்தது. சுமார் 38,500 சுறாக்கள். பெரும்பாலும் சைட்ஸ் பட்டியலில் உள்ள த்ரெஷர், சில்க்கி வகைகள். வந்தது ஈக்வடாரிலிருந்து. அந்த நாட்டில் சுறாவைக் குறிவைத்துப் பிடிக்கத் தடை இருக்கிறது. துடுப்பு ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. வேறு மீனுக்கு விரித்த வலையில் ‘தானாக’ மாட்டிய சுறாவை விற்கலாம் என்று 2007 இல் ஓர் ஆணையும் போட்டிருக்கிறார்கள். 38,500 சுறா தானாக வந்து மாட்டின என்று நம்பச் சொல்கிறது காகிதம்.

செத்த பிறகு வரும் சட்டங்களின் கதை இத்தோடு போதும்.

பிடித்தாலும் விட்டுவிடு

அழியும் நிலைக்கு வந்த இனங்களுக்கு, பல நாடுகள் சேர்ந்து அமைத்த ஆழ்கடல் மீன்பிடி ஆணையங்கள் கையாளும் வழி, ‘கப்பலில் வைத்துக்கொள்ளாதே’ என்பது. வெண்முனைச் சுறாவுக்கு ஐக்காட் 2010 இல் இதைக் கொண்டுவந்தது, மேற்கு-மத்திய பசிபிக் ஆணையம் 2012 இல். வட அட்லாண்டிக் மாக்கோவுக்கு 2017 லேயே விஞ்ஞானிகள் எச்சரித்தும் தடை முடிவாக 2021 நவம்பர் ஆகிவிட்டது.

காசு கிடைக்காது என்று தெரிந்தால் தேடிப்போய்ப் பிடிக்க மாட்டார்கள். அதுவரைக்கும் சரி. ஆனால் நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் மாட்டிய சுறா பல மணி நேரம் அதிலேயே கிடக்கும். ஓடும் நீர் செவுளில் பட்டால்தான் மூச்சுவிட முடியும் என்ற இனங்கள் உண்டு. கொம்பன் சுறா சீக்கிரமே சோர்ந்து செத்துவிடும். செத்ததைக் கடலில் எறிந்துவிட்டு ‘விடுவித்தோம்’ என்று எழுதினால் சட்டம் திருப்தி அடைந்துவிடும். சிலர் எழுதுவதே இல்லை. மேற்கு-மத்திய பசிபிக்கில் ஆயிரங்கால் தூண்டில் கப்பல்களுக்கு விதித்த குறைந்தபட்சக் கண்காணிப்பு 5 சதவீதம். மீதி 95 இல் நடப்பது கடலுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு முழம் கம்பி

என்னை உட்காரவைத்து ‘ஒரே ஒரு விதியைத் தேர்ந்தெடு’ என்றால் நான் முதலில் கைகாட்டுவது இதை.

ஆயிரங்கால் தூண்டிலில் முதன்மைக் கயிற்றிலிருந்து கிளைக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் கொக்கி. கொக்கிக்கு மேலே உள்ள கடைசித் துண்டு எதனால் ஆனது என்பதில்தான் சுறாவின் உயிர் இருக்கிறது. அது எஃகுக் கம்பி என்றால் சுறா எவ்வளவு கடித்தாலும் அறாது. தங்கூசி என்னும் நைலான் நரம்பு என்றால் பல்லால் அறுத்துக்கொண்டு போய்விடும். சூரைக்கு அப்படிப்பட்ட பல் கிடையாது. அது தங்கூசியிலும் மாட்டியே இருக்கும். ஆக, சூரை பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போகும் கப்பலில் கம்பி இருந்தால், சுறாவையும் விடுவதாக இல்லை என்று பொருள். மிதவையிலிருந்தே நேராக இரை கட்டித் தொங்கவிடும் தனித் தூண்டிலுக்குச் சுறாத் தூண்டில் என்றே பெயர். அதற்கு விளக்கம் தேவையில்லை.

மேற்கு-மத்திய பசிபிக் ஆணையம் 2014 இல் இதில் ஒரு விதி போட்டது. கம்பி, சுறாத் தூண்டில் இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் விட்டால் போதும். எதை என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம். நீங்கள் கப்பல்காரராக இருந்தால் எதை விடுவீர்கள்? ஏற்கெனவே பயன்படுத்தாததைத்தானே. அந்தக் கேலிக்கூத்து நீங்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 20 பாகைக்கும் தெற்கே 20 பாகைக்கும் இடையில் இரண்டுமே கூடாது என்று அப்போது முடிவாகி, 2024 இல் நடைமுறைக்கு வந்தது. ஹவாயின் ஆயிரங்கால் தூண்டில் படகுகள் அதற்கு முன்பே கம்பியை விட்டுவிட ஒப்புக்கொண்டன; 2022 இல் அமெரிக்க அரசு அதை விதியாகவே ஆக்கியது.

இரண்டு சோதனையிலும் இது தேறுகிறது. சுறா இன்னும் உயிரோடிருக்கும்போதே சட்டம் நுழைகிறது. துறைமுக அதிகாரிக்கு இன அறிவு வேண்டாம், மரபணுச் சோதனை வேண்டாம்; கடலுக்குக் கிளம்பும் முன்பே தூண்டில் கூடையைத் திறந்து கம்பி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். குறையும் உண்டு. வாயில் கொக்கியோடும் வால்போலத் தொங்கும் நரம்போடும் போகும் சுறா எல்லாமே பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது. கரையோரத்தில் சுறாவைக் கொல்வதில் பெரிய பங்கு செவுள் வலைக்கு. அங்கே கம்பி விதிக்கு வேலையே இல்லை.

எல்லை போடுவதும் எண்ணி எடுப்பதும்

2009 இல் பசிபிக் தீவு நாடான பலாவு தன் கடல் முழுவதையும் சுறாச் சரணாலயமாக அறிவித்தது. மாலத்தீவும் பஹாமாஸும் மார்ஷல் தீவுகளும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. பஹாமாஸ் அதற்கு வெகு முன்பே, 1993 இல், ஆயிரங்கால் தூண்டிலை ஒட்டுமொத்தமாக விலக்கிவிட்டது. 2020 இல் வெளியான ஓர் ஆய்வு 58 நாடுகளின் 371 பவளப்பாறைகளில் இரை வைத்த கேமராக்களை இறக்கிப் பார்த்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாறையில் சுறாவே தட்டுப்படவில்லை. தட்டுப்பட்ட இடங்களில் எங்கே கூடுதல் என்று பார்த்தால், சரணாலயங்கள், செவுள் வலையும் ஆயிரங்கால் தூண்டிலும் விலக்கப்பட்ட கடல்கள், பிடி வரம்பு உள்ள கடல்கள் முன்னணியில் இருந்தன. பஹாமாஸ் அதில் தலைநிமிர்ந்து நின்றது.

எல்லைச் சட்டம் எவ்வளவு வலுவானது என்பதற்கு 2017 ஆகஸ்டில் ஈக்வடாரின் கலாபகஸ் தீவுக் கடலில் சிக்கிய ‘ஃபூ யுவான் யூ லெங் 999’ என்ற சீனக் கப்பலைச் சொல்ல வேண்டும். அதன் குளிர் அறையில் இருந்தவை 6,600 க்கும் மேற்பட்ட சுறாக்கள், பெரும்பாலும் உடல் முழுசாக. துடுப்பு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் கேட்கும் சட்டத்தால் அந்தக் கப்பலைப் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. பாதுகாக்கப்பட்ட கடலுக்குள் சுறாவோடு நுழைந்ததே குற்றம் என்ற சட்டம்தான் மாலுமிகளைச் சிறைக்கு அனுப்பியது. ரோந்துக் கப்பலும் செயற்கைக்கோள் கண்காணிப்பும் இல்லாத நாட்டுக்கு இது வரைபடத்தில் போட்ட கோடாகவே இருந்துவிடும். நீலச் சுறாவும் மாக்கோவும் கோட்டைத் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகிறவை என்பதும் உண்மை.

பிடி வரம்பு இருப்பதிலேயே சலிப்பூட்டும் வழி. சுவரொட்டியில் போட முடியாது, கண்ணீர் வராது. ஆனால் மீண்டு வந்த சுறாக்களின் கதைகளைத் தேடினால் அடிக்கடி இங்கேதான் வந்து நிற்கிறோம். அமெரிக்க அட்லாண்டிக் கரையில் 1993 இல் சுறாக்களுக்கென்று மேலாண்மைத் திட்டம் வந்தது. அதன் பிறகு அங்கே பெரிய வெள்ளைச் சுறா உட்படச் சில இனங்கள் தலைதூக்கின. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கருச்சுமக்கும் முள் டாக்ஃபிஷ் 1998 இல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2000 முதல் கடும் வரம்பு. 2010 இல் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். அந்தத் திட்டங்களில் துடுப்பு அறுக்கத் தடையும் இருந்தது, ஆனால் இதைச் சாதித்ததில் பெரும்பங்கு பிடி வரம்புக்குத்தான். ஐக்காட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: துடுப்பு விதி 2004 இல் வந்தது, உலகில் அதிகம் பிடிபடும் ஆழ்கடல் சுறாவான நீலச் சுறாவுக்கு உறுதியான பிடி வரம்பு 2019 இல். நடுவில் பதினைந்து ஆண்டு.

அப்படியானால் எதை?

துடுப்பு ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதி ஒரு நாட்டில் இன்னும் இல்லையென்றால், அதை முதலில் கேளுங்கள். செலவு குறைவு, எதிர்ப்புக்குக் காரணம் குறைவு, அடுத்து வரும் எல்லாச் சட்டத்துக்கும் கணக்குப் புத்தகம் அது. எடை விகிதத்தை ‘முதல் படி’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஐரோப்பா அந்தப் படியைத் தாண்ட பத்து ஆண்டு ஆயிற்று.

அந்த விதி ஏற்கெனவே இருக்கிறது என்றால், துடுப்பைப் பற்றிப் பேசுவதை அத்தோடு நிறுத்திக்கொள்வேன். கண்காணிப்புக்கு ஆளும் பணமும் குறைவான நாட்டில் கம்பித் தடை, செவுள் வலைக் கட்டுப்பாடு, குட்டி போடும் கரையோரப் பகுதிகளுக்குத் தடை. இவை கண்ணால் பார்த்துப் பிடிக்கக்கூடியவை. தரவும் விஞ்ஞானிகளும் உள்ள நாட்டில் இனவாரியான பிடி வரம்பு. விற்பனைத் தடைக்கு ஆதரவு கேட்டால் அந்த நாட்டின் துறைமுகம் வழியாகத் துடுப்பு கைமாறுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பேன். கைமாறாத நாட்டில் அது வெறும் காகிதம். வைத்துக்கொள்ளத் தடையை, கம்பித் தடையோடு சேர்த்து வந்தால் மட்டும் ஏற்பேன்.

துடுப்பு வணிகத்தையே நிறுத்தச் சொல்லி ஐரோப்பியக் குடிமக்கள் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளை 2023 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்தார்கள். நானாக இருந்தால் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன், துடுப்பு கைமாறும் இடங்களில் ஐரோப்பாவும் ஒன்று. போட்டுவிட்டு, ஓரத்தில் இடமிருந்தால் இன்னும் இரண்டு வரி எழுதியிருப்பேன்: நீலச் சுறாவின் பிடி வரம்பு அடுத்த ஆண்டு எத்தனை டன்? உங்கள் கப்பல்களின் கொக்கிக்கு மேலே இருப்பது கம்பியா, தங்கூசியா?